கண்டிப்பு மருந்தாகாது



நமது அறநிலையத்தின் மருத்துவ நிதி ஆண்டுதோறும் எவ்வாறு செலவழிகிறது என்பதைக் கணக்கறிக்கையில் கண்டிருப்பீர்கள். ரத்த சுத்திகரிப்புக்கு உதவித்தொகை, சக்கர நாற்காலி, மூக்குக்கண்ணாடி, மாதந்தோறும் ஆலய மண்டபத்தில் நடைபெறும் இலவச மருத்துவ முகாமுக்கான பொருள்கள் எனக் கண்ணால் காணக்கூடிய செலவுகளாகவே அவை இருந்து வந்தன. இவ்வாண்டு அந்த நிதியிலிருந்து ஒரு சிறு தொகையை ஒரு வகுப்புக்காகச் செலவிட்டோம். முகாமில் தொண்டு செய்யும் தாதியர், அக்கம்பக்கத்துக் கிளினிக்குகளின் பணியாளர்கள், இரண்டு இளம் டாக்டர்கள் என 22 பேருக்கு, உடற்பருமனுக்குச் சிகிச்சை அளிப்பதன் அடிப்படைகளை ஒரு நாள் முழுவதும் கற்பித்த வகுப்பு அது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நெடுநாளைய நன்கொடையாளர் ஒருவர் எழுந்து, "படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்குப் பாடம் நடத்த உண்டியல் பணமா? உடம்பு பெருத்தவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் போயிற்று. இதற்கு ஒரு வகுப்பு வேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று நேரமின்மையால் இரண்டு வரியில் பதில் சொல்லி அமர்ந்துவிட்டேன். 33 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கரும்பலகைக்கு முன் நின்றவனுக்கு அந்த அரைகுறைப் பதில் உறுத்தலாகவே இருந்தது. முழுப் பதிலை இம்மலரின் வழியாகத் தர விழைகிறேன்.

வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்

என் தங்கைக்கு வயது அறுபது. சில ஆண்டுகளுக்கு முன் முழங்கால் வலிக்காக ஒரு கிளினிக்குக்குச் சென்றாள். எடை பார்க்கும் இயந்திரம் நோயாளிகள் காத்திருக்கும் இடத்திலேயே இருந்தது. எடையைப் பார்த்த பணியாளர் அதை உரக்கச் சொல்லி அட்டையில் எழுதினார். வரிசையில் இருந்த யாரோ சிரித்தார்கள். உள்ளே சென்றபோது, டாக்டர் அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல், "வாயைக் கட்டுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றார். முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று பிறகு அழுதுகொண்டே சொன்னாள்.

அதன் பின்னர் மூன்று ஆண்டுகள் அவள் எந்தக் கிளினிக்கின் வாசலையும் மிதிக்கவில்லை. கண் மங்கத் தொடங்கிய பிறகே அழைத்துச் சென்றோம். நீரிழிவு முற்றி, விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. லேசர் சிகிச்சையால் எஞ்சிய பார்வையைக் காப்பாற்றினார்கள். போனது திரும்பவில்லை.

பிறரைக் குறை சொல்லுமுன் என்னையும் சொல்லிக்கொள்ள வேண்டும். 1980களில் என் வகுப்பில் பருமனான மாணவன் ஒருவன் இருந்தான். அவனைப் 'பூசணி' என்று முதலில் அழைத்தவன் நான்தான். வேடிக்கையாகச் சொன்னேன். வகுப்பு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. அண்மையில் ஒரு திருமண விருந்தில் அவர் தம் மகனை என்னிடம் அழைத்துவந்து, "எனக்குப் பேர் வச்ச சார் இவர்தான்" என்று சிரித்தபடி அறிமுகம் செய்தார். அன்று இலையில் வைத்த சோறு எனக்கு இறங்கவில்லை.

பள்ளியில் நான் செய்ததும் கிளினிக்கில் நடந்ததும் ஒரே தவறுதான். உடற்பருமனைக் குணக்கேடு என்று நினைத்துவிட்டோம். குணக்கேட்டுக்குக் கண்டிப்பு போதும். நோய்க்குச் சிகிச்சை வேண்டும், சிகிச்சை அளிப்பவர்க்குப் பயிற்சி வேண்டும்.

எவ்வளவு பெரிய சிக்கல் இது?

நம் நாட்டில் சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய சுகாதார ஆய்வின்படி, 2011இல் பெரியவர்களில் 44.5 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2019இல் அது 50.1 விழுக்காடாகவும், 2023இல் 54.4 விழுக்காடாகவும் உயர்ந்தது. இருவரில் ஒருவருக்கு மேல். மூவினங்களில் நம் இந்தியச் சமூகமே 2019 ஆய்வில் முன்னிலையில் நின்றது. பெருமைப்படக்கூடிய முதலிடமல்ல.

காரணம் பேராசையா? என் பெற்றோர் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, வாளி சுமந்து, மலைக்காட்டில் ஏறி இறங்கியவர்கள். அவர்கள் உண்ட சோறு அந்த உழைப்புக்கு ஈடானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். சோற்றின் அளவு மாறவில்லை. அதோடு கெட்டிப்பால் கலந்த தே தாரிக்கும், இரவு வேலை முடிந்து வரும்போது ரொட்டி சானாயும் சேர்ந்தன. நடை குறைந்தது, தூக்கம் கெட்டது. ஒரு சமூகத்தின் வாழ்க்கையே மாறியிருக்க, தனி மனிதனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது முறையாகுமா?

முதற் பாடம்: உடம்பு எதிர்த்து நிற்கும்

நம் வகுப்பை நடத்தியவர் அரசாங்க மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு மருத்துவ அம்மையார். உடன் ஓர் உணவியல் அதிகாரியும் வந்திருந்தார். நான் கடைசி வரிசையில் மாணவனாக அமர்ந்து குறிப்பெடுத்தேன்.

அம்மையார் முதலில் விளக்கியது, எடை குறைத்தவர்களுக்கு ஏன் எடை மீண்டும் ஏறுகிறது என்பதை. உடம்பிலுள்ள கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு மாத்திரமன்று. அது லெப்டின் என்னும் சுரப்பின் மூலம், "இருப்பு போதுமானது" என்று மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. இது கண்டறியப்பட்டது 1994இல். வயிற்றில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் 1999இல் கண்டறியப்பட்டது. ஒருவர் எடையைக் குறைத்தால் லெப்டின் குறைகிறது, கிரெலின் கூடுகிறது. பஞ்சம் வந்துவிட்டதென எண்ணி உடம்பு பசியைக் கூட்டுகிறது, எரிசக்திச் செலவைக் குறைக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு கழிந்த பின்னும் இந்தச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் கூடுதலாகவே இருந்தது.

ஆகவே, மூன்று மாதம் எடை குறைத்து ஆறாவது மாதம் மீண்டும் ஏறியவரைப் பார்த்து, "உங்களுக்கு மன உறுதி இல்லை" என்பது அறியாமை. ரத்த அழுத்தத்தைப் போல் இதுவும் ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டிய நாட்பட்ட நோய். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013இல் உடற்பருமனை நோயென்றே அறிவித்தது. நம் நாட்டிலும் இதற்கான மருத்துவ வழிகாட்டி 2004இல் முதலில் வெளிவந்து, 2023இல் இரண்டாம் பதிப்பு கண்டது. வழிகாட்டி அலமாரியில் இருந்தால் போதாது. நோயாளியை முதலில் சந்திக்கும் தாதியின் கைக்கும் வாய்க்கும் அது வந்து சேர வேண்டும்.

இரண்டாம் பாடம்: சரியாக அளத்தல்

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீடு. 1.60 மீட்டர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 28. உலகப் பொதுக் கணக்கில் 30க்கு மேல்தான் உடற்பருமன். ஆனால் நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகினருக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இருதய நோயும் வருவதால், 23க்கு மேல் கூடுதல் எடை, 27.5க்கு மேல் உடற்பருமன் என்று நம் நாட்டில் கணக்கிடுகிறார்கள். ஆக, அதே 72 கிலோக்காரர் ஒரு கணக்கில் தப்பி, மறு கணக்கில் சிகிச்சைக்குரியவராகிறார். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால், வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது என்பதற்கு அது எச்சரிக்கை.

அளக்கும் கருவியும் முக்கியம். பருத்த கைக்குச் சிறிய ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டினால், உள்ளதைவிட அதிகமான அழுத்தம் காட்டும். தேவையற்ற மாத்திரை வீடு போய்ச் சேரும். இதைக் கேட்டதும் பல தாதியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் முகாமில் அதுநாள் வரை பெரிய பட்டையே கிடையாது. கைப்பிடி உள்ள நாற்காலியில் அமர முடியாமல் நின்றுகொண்டே இருந்தவர்களையும் அன்றுதான் நாங்கள் நினைத்துப் பார்த்தோம்.

மூன்றாம் பாடம்: அனுமதி கேட்டல்

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. கனடா நாட்டு மருத்துவர்கள் வகுத்த ஐந்து படிகளை அம்மையார் எழுதிப்போட்டார். அனுமதி கேட்டல், ஆராய்தல், ஆலோசனை கூறல், இலக்கில் உடன்படல், உடனிருந்து உதவுதல். முதற்படியே அனுமதிதான். "உங்க எடையைப் பத்திக் கொஞ்சம் பேசலாங்களாம்மா?" என்ற ஒரு வாக்கியம். "இன்று வேண்டாம்" என்று நோயாளி சொன்னால், வந்த நோயை மட்டும் கவனித்து, "எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று கூறி அனுப்ப வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமேது என்று இளம் டாக்டர் ஒருவர் கேட்டார். மாலை நேரத்தில் அறுபது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் அது உண்மையான சங்கடம். அதற்கு அம்மையார் இங்கிலாந்தில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். 1,882 நோயாளிகள். வேறு காரியமாக வந்தவர்களிடம் டாக்டர் சுமார் 30 விநாடிதான் எடையைப் பற்றிப் பேசினார். ஒரு பாதியினரிடம், எடை குறைந்தால் உடலுக்கு நல்லது என்று மட்டும் சொன்னார். மறு பாதியினரிடம், 12 வார இலவச எடைக் குறைப்பு வகுப்பில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டு, சம்மதித்தவரை அங்கேயே பதிவு செய்ய அனுப்பினார். ஓராண்டில் முதல் பிரிவினர் சராசரியாக ஒரு கிலோ குறைத்திருந்தனர். இரண்டாம் பிரிவினர் 2.4 கிலோ. டாக்டர் பேசியது பொருத்தமும் உதவியும் ஆனதென்று ஐவரில் நால்வர் கூறினர். அது பொருத்தமற்றது, பயனற்றது என்று வருந்தியவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. மரியாதையோடு பேசி ஒரு வழியையும் காட்டினால் மக்கள் கேட்கிறார்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.

நான்காம் பாடம்: காரணத்தைத் தேடல்

கணக்கில் தோற்ற மாணவனை அடிப்பதால் கணக்கு வராது. அவனுக்குக் கூட்டல் தெரியவில்லையா, கண் தெரியவில்லையா, காலையில் பசியோடு வந்தானா என்று பார்க்க வேண்டும். இங்கும் அதுவே. இன்சுலின், சிலவகை நீரிழிவு மாத்திரைகள், ஸ்டீராய்டு, மனநோய்க்கான சில மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை. மருந்தை நோயாளி தாமாக நிறுத்தக்கூடாது. டாக்டர்தான் மாற்றுவழி பார்க்க வேண்டும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று சோதிக்க வேண்டும். லோரி ஓட்டுபவர்க்கு இது உயிர்ப் பிரச்சினை. தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, இரவு வேலை, கையில் காசில்லாமை ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். விரதம் இருக்கும் பக்தர் நீரிழிவு மாத்திரை உண்பவரா என்பதும் நம் முகாமில் கேட்க வேண்டிய கேள்வி. வெறும் வயிற்றில் சில மாத்திரைகள் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

ஐந்தாம் பாடம்: எட்டக்கூடிய இலக்கு

"இருபது கிலோ குறைத்துவிட்டு வாருங்கள்" என்பது சிகிச்சையன்று. உள்ள எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியன இறங்கத் தொடங்கும். 80 கிலோக்காரர்க்கு அது நான்கு முதல் எட்டுக் கிலோ. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு ஏழு விழுக்காடு எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காகத் தந்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வழிநடத்தியது. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபோர்மின் மாத்திரை பெற்றவர்களிடம் 31 விழுக்காடுதான் குறைந்தது. சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நம்மைப் போன்றே சோறு உண்ணும் மக்களிடம் வாழ்க்கைமுறை மாற்றத்தால் மட்டும் அந்த வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.

நன்கொடையாளர் அன்பர்க்கு நான் சொல்ல விரும்பும் சான்று ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் இருக்கிறது. அங்கு 49 சாதாரணக் கிளினிக்குகளைச் சேர்ந்த 306 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. பாதிப் பேருக்குச் சில மாதங்கள் குறைந்த சக்தியுள்ள மாற்று உணவும், பின்னர் படிப்படியாக வழக்கமான உணவும் தந்து தொடர்ந்து கவனித்தனர். ஓராண்டில் அவர்களுள் 46 விழுக்காட்டினர் மாத்திரையின்றியே நீரிழிவு தணிந்த நிலையை அடைந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்ற மற்றவர்களில் அது 4 விழுக்காடுதான். இதை நடத்திக் காட்டியவர்கள் பெரிய நிபுணர்களல்லர். அதே கிளினிக்குகளில் பயிற்சி பெற்ற தாதியரும் உணவியலாளருமே. வாசகர்கள் இதைத் தாமாக வீட்டில் முயலக்கூடாது. மருத்துவக் கண்காணிப்பில் மருந்துகளை மாற்றிச் செய்த சிகிச்சை அது.

மருந்தைப் பற்றியும் தாதிக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் நோயாளி அவரிடம்தான் கேட்பார். வாரம் ஒருமுறை போடும் செமாக்ளுடைட் ஊசி 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு எடையைக் குறைத்ததாக 2021இல் ஆய்வு வந்தது. நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரு பங்கு திரும்பியது என்பதும் 2022இல் தெரியவந்தது. உடற்பருமன் மிகுந்தவர்க்கு அறுவை சிகிச்சையும் உண்டு. இவற்றையெல்லாம் டாக்டர் முடிவு செய்ய வேண்டும். மெலிய வைக்கும் காப்பி, மாத்திரை என்று கைமாறி வரும் பொருள்களை நம்பவே கூடாது. இருதய ஆபத்தின் காரணமாகப் பல நாடுகளில் 2010இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட சிபுட்ராமின் என்னும் மருந்து, அத்தகைய பொருள்களில் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது.

வகுப்பு முடிந்த பிறகு

மாலையில் இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் தாதியாகவும் நடித்துப் பழகினார்கள். முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு தாதி நோயாளியாக அமர்ந்திருந்தபோது, எதிரிலிருந்த இளம்பெண் பழக்கதோஷத்தில், "ரொம்ப வெயிட்டா இருக்கீங்களே" என்றுவிட்டார். அந்தத் தாதியின் முகம் மாறியது. "நானும் இத்தனை வருஷம் இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். கேட்கும்போதுதான் சார் தெரியுது" என்றார். அந்த ஒரு வாக்கியத்திற்காகவே வகுப்புச் செலவு தகும் என்று எண்ணினேன்.

மறுமாத முகாமில் எடை இயந்திரம் ஒரு திரைக்குப் பின்னால் போனது. எடையை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலிகள் ஆறும், பெரிய ரத்த அழுத்தப் பட்டைகள் இரண்டும் வாங்கினோம். "கொஞ்சம் குறையுங்கள்" என்ற பொத்தாம்பொதுவான பேச்சுக்குப் பதிலாக, "தினம் மூன்று தே தாரிக்கை ஒன்றாக்க முடியுமா? ஒரு மாதம் பார்ப்போமா?" என்று கேட்டு, அதை அட்டையில் எழுதி, மறுமாதம் அதையே முதலில் விசாரிக்கிறார்கள். வீட்டுப்பாடம் கொடுத்தால் திருத்தவும் வேண்டுமல்லவா!

என் தங்கையை அங்கு வரச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. திரைக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்தபோது, "அண்ணே, அந்தப் பொண்ணு முதல்ல என் முட்டியைத்தான் பார்த்துச்சு" என்றாள். 78 கிலோவிலிருந்து எட்டு மாதத்தில் 74 ஆகியிருக்கிறாள். பெரிய அதிசயமில்லை. ஆனால் ஒரு மாதம்கூட முகாமைத் தவறவிடவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு குரல் அவளை வரவேற்றிருந்தால் கண் தப்பியிருக்குமோ என்று நினைக்காத நாளில்லை.

கேள்வி கேட்ட அன்பர்க்கு என் பதில் இதுதான். படித்தவர்களுக்கு நாம் பாடம் நடத்தவில்லை. அவர்கள் படிக்க நினைத்தும் நேரமும் வழியும் கிட்டாத ஒரு பாடத்துக்கு இடமும் ஆசிரியரும் தந்தோம். ஒரு சக்கர நாற்காலி ஒருவருக்கு உதவும். பயிற்சி பெற்ற ஒரு தாதி, நாளொன்றுக்கு எத்தனையோ பேரை மருத்துவத்தின் வாசலுக்குள் அச்சமின்றி அழைத்துவருவார். வரும் ஆண்டில் இதே வகுப்பை இருமுறை நடத்த நிர்வாகக் குழு எண்ணியுள்ளது. உங்கள் குடும்பத்திலோ சுற்றத்திலோ தாதியராக, கிளினிக் பணியாளராக இருப்பவர்கள் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். நன்கொடை அளிக்க விரும்புவோர் 'மருத்துவப் பயிற்சி' என்று குறிப்பிட்டு ரசீது பெற்றுக்கொள்ளலாம்.

காசு இல்லாதவரும் செய்யக்கூடிய தருமம் ஒன்றுண்டு. பந்தியில் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் இலையையும் உடம்பையும் பார்த்து ஒரு சொல் சொல்லத் தோன்றும்போது, அதை விழுங்கிவிடுங்கள். நாற்பது ஆண்டு தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒரு பழைய வாத்தியாரின் வேண்டுகோள் இது.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் அனைவரும் நோயற்ற வாழ்வும் நிறைந்த மனமும் பெற்று வாழப் பிரார்த்திக்கிறேன். வணக்கம்.

இங்ஙனம்,
நிர்வாகக் குழு உறுப்பினர்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்